கப்பலில் காலியாய்க் கிடந்த கட்டில்

உன் தங்கச்சியின் பேத்தி சிங்கப்பூரிலிருந்து போனில் ஒரு கட்டிலின் படம் அனுப்பியிருக்கிறாள். அவள் எனக்கும் பேத்திதான். ஆனால் இன்றைக்கு அவள் மேல் கோபத்தில் இருக்கிறேன், அதனால் உன் தங்கச்சியின் பேத்தி என்றே எழுதுகிறேன். கப்பலில் உள்ள கட்டிலாம். நாலு பேர் உருண்டு படுக்கலாம். மேலே வெள்ளை விரிப்பு, அதன் நடுவில் ஒரு துவர்த்தை மடக்கி மடக்கி அன்னப்பறவை போல உட்கார வைத்திருக்கிறார்கள். முகம் துடைக்கிற துணிக்குக் கழுத்தும் மூக்கும் எதற்கு என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கட்டிலைப் பார்த்ததும் உன் மேல் வந்த ஆத்திரத்தில், நீ மட்டும் உயிரோடு எதிரே இருந்திருந்தால் பிடரியில் ஒன்று வைத்திருப்பேன்.

விஷயம் இதுதான். எனக்கும் உன் தங்கச்சிக்கும் கல்யாணம் ஆகி ஐம்பது வருஷம் ஆகிறது. உல்லாசக் கப்பலில் நாலு நாள் சுற்றிக் காட்ட வேண்டும் என்று பேத்திக்கு ஆசை. எங்கள் இரண்டு பேருக்கும் ஓர் அறை எடுத்துவிட்டாள். இப்போது கப்பல்காரன் அவளைக் கூப்பிட்டு, அந்த அறையை விட்டுவிட்டுப் பெரிய அறைக்கு மாறுகிறாயா என்று கேட்கிறானாம். அதற்குப் பெயர் சூட். இன்றைக்கே பதில் வேண்டுமாம். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு வழக்கம் போலக் குறுக்குக் கேள்வி கேட்டேன்.

"இப்ப உள்ள அறைக்கு என்ன கேடு?"

"கேடு ஒண்ணும் இல்ல தாத்தா. சன்னல் இல்ல. உள்ளோட்டுள்ள அறையாக்கும். சூட்டுக்குப் பால்கனி உண்டு. அம்மச்சிக்கு நல்ல காத்து கிட்டும்."

"சன்னல் இல்லாட்டி என்ன? அறை கப்பலுக்குள்ளதானே இருக்கு? தண்ணிக்குள்ள இல்லியே?"

"தாத்தா! பகடி பண்ணாம சொல்லுங்க. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லணும். பிறவு வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

பிறவு வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. இந்தச் சொல்லை நான் ஒரு கப்பலில் ஒரு முறை கேட்டிருக்கிறேன். நீயும் பக்கத்தில் இருந்து கேட்டாய். எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, "வேண்டாம்" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அடுக்களையில் உன் தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு உங்கள் குடும்பத்து நெஞ்சு. ஆடி மழையிலும் சன்னலைத் திறந்து வைத்துத்தான் படுப்பாள். பஸ்ஸில் சன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ் வரட்டும் என்று நிற்பாள். தலையணைக்கு அடியில் மருந்து உறிஞ்சுகிற குழல் எப்போதும் கிடக்கும். வாசலில் வந்து நின்று, பைய, அதிகம் ஆசைப்பட்டது போலத் தெரியாமல் கேட்டாள்.

"கேட்டியளா, அந்த அறைக்குச் சன்னல் இல்லியா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆமாம், இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். என் நாக்கு அப்படிச் செய்யுமா?

"சன்னல் இல்லாட்டி மகாராணிக்கு உறக்கம் வராதாக்கும்? சொல்லு, தங்கத்தில தொட்டிலும் போடச் சொல்லுவோம். துவர்த்தை அன்னமாட்டு மடக்க நானும் படிச்சிட்டு வாறேன்."

அவள் சிரிக்கவில்லை. கையை முந்தானையில் துடைத்தாள். தாடையைக் கொஞ்சம் தூக்கினாள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். நான் எங்க கிடந்தாலும் உறங்குவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தாடை உன்னுடையது. அந்த வார்த்தையும் உன்னுடையது. அதனால்தான், மூன்று மணி வெயிலில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, செத்துப்போனவனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் நீ சிவப்பு மையால் வட்டம் போட வர முடியாது. அந்த ஒரு நிம்மதி உண்டு.

நீ பத்தாம் வகுப்பு ஜெயித்தவன். நான் ஐந்தாம் வகுப்பை விட மனசில்லாமல் அதிலேயே மூன்று வருஷம் இருந்தவன். நெய்யாற்றின்கரை தாலுக்காவும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நம் பக்கத்தில் ஆட்கள் கிளம்பியபோது, நீ நோட்டீஸ் எழுதினாய், நான் அதை ஒட்டுவதற்கு மரச்சீனிக் கிழங்கு மாவில் பசை காய்ச்சினேன். உனக்கு அது உயிர். வீட்டில் தமிழ் பேசி, சர்ச்சில் தமிழில் பாடி, பள்ளிக்கூடத்தில் மட்டும் மலையாளத்தில் வாய் திறக்க வேண்டியிருக்கிறதே என்று நீ கண் சிவந்து பேசுவாய். எனக்கு அது விளையாட்டு. பகலில் நாலு பேர் கூட்டமாக நடப்பதும், கோஷம் போடுவதும், போலீஸ் வந்தால் மதில் ஏறிச் சாடுவதும் எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். இதை உன்னிடம் நான் ஒப்புக்கொண்டதே இல்லை.

பாறசாலையில் ஒரு மதிலில் ஒட்டிக்கொண்டிருந்தபோது பிடிபட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்டேஷனில் சுவரோடு நிறுத்தினார்கள். மீசைக்காரப் போலீஸ் ஒருவர் நம் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நிங்ஙள் மலையாளியோ, தமிழனோ?" என்று கேட்டார். நீ நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்ல வாய் எடுத்தாய். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சோறு தந்நால் மலையாளி, அடி தந்நால் தமிழன், ஏமானே."

நீ சிரித்தாய். அடக்க முடியாமல், மூக்கால் சிரித்தாய். அவர் என்னை அடிக்கவில்லை. சிரித்தவனை அடித்தார். நெஞ்சாங்கூட்டில் லத்தியால் இரண்டு குத்து. பேசியது நான், வாங்கியது நீ. வெளியே வந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. அதற்குப் பிறகு நீ மூச்சு விடும்போது ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. உங்கள் வீட்டு இழுப்பும் அந்தக் குத்தும் சேர்ந்துகொண்ட சத்தம். "எலே, உனக்க நெஞ்சில ஆர்மோனியம் வாசிக்குதே, சர்ச்சில இனி பாட்டுக்கு ஆள் வேண்டாம்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீ அதற்கும் சிரித்தாய். நீ சிரித்ததுதான் உன் பெரிய குற்றம். ஒரு தடவையாவது என் வாயில் அடித்திருந்தால் இன்றைக்கு நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதில்லை.

பிறகு இரண்டு ஸ்டேட்டுக்கும் நடுவில் எல்லைக் கோடு போட்டார்கள். நாலு தாலுக்கா கிழக்கே, தமிழ்நாட்டோடு போயிற்று. நம்முடையது போகவில்லை. பாறசாலைச் சந்தியில் ஒரு டீக்கடையில் யாரோ பேப்பரைச் சத்தமாக வாசித்தார்கள். நீ டீயைத் தொடவில்லை. கடையில் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை, மௌனம் எனக்கு எப்போதுமே சொறி பிடித்தது போல. "தமிழ்நாடு களியிக்காவிளை வரைக்கும் வந்திட்டு. நம்ம ஊருக்கு வர பஸ்ஸுக்குச் சில்லறை கிட்டல்ல போல" என்றேன். கடையே சிரித்தது. நீ எழுந்து வெளியே போய் நின்றாய். உன் முதுகு எனக்கு இப்போதும் தெரிகிறது. அடி வாங்கிய போது கூட அந்த முதுகு அப்படிக் கூனவில்லை.

அந்த வருஷம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு அசனம் நடந்தது. ஊரே வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற விருந்து. அதில் ஒரு சட்டம் உண்டு, உனக்குத் தெரியாததா, கடைசி ஆள் இலையை மடக்குகிற வரைக்கும் ஒருவரும் எழும்பக் கூடாது. பசி அடங்கியவனும் சும்மா விரலை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எழும்பினால் பக்கத்தில் இருப்பவனை அவமானப்படுத்தியது போல. கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்ட களியிக்காவிளையிலிருந்து, நம் கூட நோட்டீஸ் ஒட்டிய இரண்டு பேர் அன்றைக்கு வந்திருந்தார்கள். நம் எதிரே உட்காரவே கூச்சப்பட்டார்கள். அவர்கள் போன பிறகு நீ சொன்னாய். "ஒரே பந்தியில இருந்தோம். நமக்கு விளம்புகதுக்கு முன்ன அவங்க எழும்பிப் போயாச்சு. பந்தியில இருந்து ஒருத்தன் மட்டும் எழும்பப்பிடாது, மக்கா." அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் அதையே சொன்னாய். எனக்கு அலுத்துப்போகும் அளவுக்குச் சொன்னாய். அந்தச் சொல்லைக் கொண்டே உன்னைக் கொல்லலாம் என்று எனக்கு அப்போது தெரியாது.

மலேயாவில் எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்த உன் மாமா, நம் இரண்டு பேருக்கும் காகிதம் அனுப்பினார். என்னையும் சொந்தக்காரன் என்று எழுதிவிட்டார். நல்ல மனுஷன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். நமக்கு டெக் டிக்கெட். டெக் என்றால் என்ன என்று பேத்திக்குத் தெரியாது. அவளுக்கு டெக் என்றால் நீச்சல்குளம் இருக்கிற இடம். நமக்கு அது கூரையில்லாத தரை. மேலே ஒரு தார்ப்பாய். கீழே நம் பாய். ஒவ்வொரு குடும்பமும் தகரப்பெட்டியை வைத்து எல்லை போட்டுக்கொண்டது. நடுவில் வெங்காய மூட்டைகள். காலையில் கப்பல்காரர்கள் குழாயால் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள், அப்போது எல்லோரும் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கொக்கு போல நிற்க வேண்டும். இரண்டாம் நாளே உன் இழுப்பு தொடங்கிவிட்டது. உட்கார்ந்தே உறங்கினாய்.

அன்றைக்கு மத்தியானம், சோறு விளம்ப வந்த சிப்பந்தி ஒருவர் நம் பேச்சைக் கேட்டு நின்றார்.

"எலே, உங்களுக்கு எந்த ஊரு?"

"பாறசாலைக்கு வடக்க. ஊரு கேரளம், வாயி தமிழாக்கும்" என்றேன் நான்.

"அப்பிடியா? நமக்குக் குளச்சல். நாங்க இப்ப மதராஸ் ஸ்டேட்டாக்கும்" என்றார். அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் நீ முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

அவர் உன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உன் மூச்சைக் கேட்டார். பிறகு சொன்னார், "தம்பி, இந்த நெஞ்சை வச்சிட்டு டெக்கில கிடந்தா, அங்க கரையில டாக்டர் உன்னை இறக்கமாட்டாரு. மழையும் வருது. மேல ரெண்டாம் கிளாஸில ஒரு கட்டில் காலி. ஏற வேண்டிய ஆளு ஏறல்ல. கொஞ்சம் கூடுதல் கட்டினாப் போதும், நான் மேல பேசிச் சரியாக்குதேன். ஒரு ஆளுக்குத்தான் இடம் உண்டு. சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். பிறவு வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

கட்டுவதற்கு உன்னிடம் இருந்தது. உன் அம்மா வேட்டி முனையில் முடிந்து தந்தது போதும். நீ மேலே பார்த்தாய். ஏணிப்படி, அதற்கு மேல் வெள்ளை அடித்த கதவு. உன் முகத்தில் ஆசை வந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என்னிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை. நீ என் பக்கம் திரும்பிக் கேட்டாய்.

"நீ என்ன சொல்லுதே?"

என்னிடம் கேட்டாய், முட்டாளே! உன் நெஞ்சு, உன் காசு, உன் மூச்சு. கேட்க வேண்டியது என்னிடமா? இதற்குத்தான் எனக்கு உன் மேல் ஆத்திரம். இந்த ஒரு கேள்வியை நீ கேட்காமல் இருந்திருந்தால், பேசாமல் படி ஏறிப் போயிருந்தால், நானும் நாலு நாள் உன்னைத் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

நான் சுற்றிப் பார்த்தேன். பத்துப் பதினைந்து பேர் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆள் கூடினால் என் நாக்குக்கு வெறி பிடிக்கும். எழுந்து நின்று, இடுப்பை வளைத்து, ராஜாவுக்குக் கும்பிடு போடுவது போலப் போட்டேன்.

"போவணும் ஏமானே, போவணும்! நாலு தாலுக்காக்காரங்க பந்தியில இருந்து எழும்பிப் போன மாதிரி நீரும் எழும்பிப் போவும். நாங்க நெய்யாற்றின்கரைக்காரங்க இஞ்ச கீழ கிடந்து, மேல பாத்து சிந்தாபாத் விளிச்சிட்டிருப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லை எது, தாலுக்கா எது என்று தெரியாத தஞ்சாவூர்க்காரர்களும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் சிரித்து முடித்தபோது உன் முகத்தில் அந்த ஆசை இல்லை. தாடையைத் தூக்கினாய்.

"வேண்டாம் அண்ணே. நான் எங்க கிடந்தாலும் உறங்குவேன்."

சிப்பந்திக்குக் கோபம் வந்துவிட்டது. "எலே, இது கப்பலாக்கும். தாலுக்கா இல்ல. கட்டில்ல படுத்தா எந்த எல்லையும் மாறாது" என்றார். நீ கேட்கவில்லை. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனாவது ஒரு கட்டில் கிடைத்தால், இதில் ஏறினால் கூட இருப்பவனைக் கைவிட்டது போல ஆகிவிடுமே என்று வேண்டாம் என்பானா? நம் ஊர்க்காரனுக்குத்தான் அந்தக் கிறுக்கு. விட்டுவிட்டுப் போனவர்கள் மேல் இருந்த வருத்தத்தை, நீ உன் நெஞ்சின் மேல் தீர்த்துக்கொண்டாய். அந்த வருத்தம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அங்கே பார்த்து விரலை வைத்தவன் நான்.

மழை மறுநாள் மத்தியானம் வந்தது. தார்ப்பாய் தொப்பை போட்டு ஒழுகியது. உன் பாய் நனைந்தது, பெட்டி நனைந்தது, நீ நனைந்தாய். காய்ச்சல் வந்தது. அப்போது எனக்குப் பயம் பிடித்தது. உண்மையாகவே சொன்னேன், "இப்பவாவது மேல போ ராசா" என்று. ஆனால் என் வாயிலிருந்து அது எப்படி வந்தது? ஏமானே என்று சொன்ன அதே வாய். நீ கண்ணை மூடிக்கொண்டே "போதும் மக்கா, பகடி" என்றாய். நான் வாழ்க்கையில் சொன்ன ஒரே நேரான சொல், அதுவும் உன் காதில் பகடியாக விழுந்தது. நானே ஓடிப்போய்ச் சிப்பந்தியைத் தேடிப் பிடித்தேன். கட்டில் ஒரு வியாபாரிக்குப் போய்விட்டது என்றார். அவருக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கரையில் டாக்டர் உன் முதுகில் குழலை வைத்த உடனே உன்னைத் தனியாக நிறுத்திவிட்டார். என் காகிதத்தில் முத்திரை குத்தினார்கள். உன்னை அடுத்த கப்பலில் திரும்ப அனுப்புவதாகச் சொன்னார்கள். அதுவும் டெக்கில்தான். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். பேச அஞ்சு நிமிஷம் தந்தார்கள். அந்த அஞ்சு நிமிஷத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். "போயி ஆர்மோனியத்தை ரிப்பேர் பண்ணிட்டு வா" என்றேன். நீ தலையை ஆட்டினாய். கெட்ட வார்த்தை ஒன்று சொல்லியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். தலையை ஆட்டினாய், அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஊரில் பதினோரு மாதம் இருந்தாயாம். பிறகு இல்லை. உன் தங்கச்சி எழுதிய கடிதம் எஸ்டேட்டுக்கு வந்தது. ஆறு வருஷம் கழித்து நான் திரும்பியபோது, உன் கல்லறையில் புல் ஆள் முழங்காலுக்கு நின்றது. வெட்டிச் சரியாக்கினேன். பிறகு உன் வீட்டுக்குப் போய் அவளைப் பெண் கேட்டேன். ஊரில் எல்லோரும் நட்பின் மேல் உள்ள பாசம் என்றார்கள். நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணன் கப்பலில ரொம்பக் கஷ்டப்பட்டாரா?" நான் சொன்னேன், "என்ன செய்ய, கட்டில் ஒண்ணும் கிட்டல்ல. எல்லாரும் டெக்கில்தான் கிடந்தோம்." அவள் சரி என்றாள். அந்தப் பொய்யின் மேல்தான் இந்த ஐம்பது வருஷக் குடித்தனம்.

இப்போது எல்லையில், பனச்சமூட்டில் போய் நின்று பார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீ குடித்துவிட்டு அந்தப் பக்கம் போய் வெற்றிலை வாங்குகிறார்கள். எது எந்த ஸ்டேட் என்று பெட்ரோலும் மீனும் வாங்கும்போதுதான் நினைப்பு வருகிறது. அங்கே ஒரு காலேஜ் பையனிடம், இதற்காக அடி வாங்கினவர்கள் உண்டு தெரியுமா என்று கேட்டேன். "எதுக்கு அப்பூப்பா?" என்றான். எதுக்கு! எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும் போல இருந்தது. பிறகு யோசித்தேன், கோஷம் போட்ட நாளிலேயே எனக்கும் அது விளையாட்டுதானே? உயிர் என்று நினைத்தவன் நீ ஒருவன். நீ போய்விட்டாய். நான் உட்கார்ந்து நாட்டுக்காகக் கோபப்படுகிறேன்.

மணி ஐந்து ஆயிற்று. இனி எழுதினால் ஆறு ஆகிவிடும். எழும்புகிறேன். போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

உன் தங்கச்சி பின்வாசலில், காற்று வருகிற இடத்தில், முக்காலி போட்டு நெத்தோலி கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் நின்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினேன். ஒரு நேரான வாக்கியம் சொல்ல வேண்டும் என்று போய் நிற்கிறேன், மூன்று பகடி நாக்கில் வந்து முட்டுகிறது. நெத்தோலியை வைத்து ஒன்று, முக்காலியை வைத்து ஒன்று. விழுங்கினேன். எண்பது வயசில் எனக்குத் தெரிகிறது, பகடியை விழுங்குவது மீன் முள்ளை விழுங்குவதை விடக் கஷ்டம்.

"சன்னல் உள்ள அறை எடுக்கச் சொல்லட்டா?" என்றேன்.

அவள் கை நின்றது. "பிறவு?"

"பிறவு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லியா?"

"இல்ல."

அவள் காத்திருந்தாள். நான் சொன்னதற்கு ஒரு வால் இருக்கும், அது வரட்டும் என்று காத்திருந்தாள். ஐம்பது வருஷப் பழக்கம். காக்கா ஒன்று மீன் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு மதிலில் உட்கார்ந்திருந்தது. நான் வாயைத் திறந்தேன், அவள் கண்ணை இடுக்கினாள்.

"அந்த அறையில உனக்கு மூச்சு முட்டும். எனக்குப் பயமாட்டு இருக்கு" என்றேன்.

அவள் இன்னொரு மீனை எடுத்தாள், தலையைக் கிள்ளிப் போட்டாள். "அப்ப எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

நான் திரும்பினேன். வாசல்படியில் கால் வைக்கவில்லை, அதற்குள் பின்னாலிருந்து அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்புப் போதுமா என்று கேட்பது போலச் சொன்னாள்.

"அண்ணன்கிட்டயும் இப்பிடிச் சொல்லியிருந்தா போயிருப்பாரு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. உள்ளே வந்து பேத்தியைக் கூப்பிட்டேன். "எடுத்திரு மக்களே" என்றேன். அவள் அங்கே கை தட்டினாள்.

ஆக, நீ சொல்லிவிட்டாய். அந்தப் பதினோரு மாதத்தில் ஒரு நாள், படுத்துக்கொண்டு, இரைத்துக்கொண்டு, தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். துரோகி! அவளும் தெரிந்துகொண்டே அன்றைக்கு என்னிடம் கேட்டிருக்கிறாள். என் பொய்யைக் கேட்டுச் சரி என்றிருக்கிறாள். தெரிந்துகொண்டே எனக்குக் கழுத்தை நீட்டியிருக்கிறாள். ஐம்பது வருஷம் நான் சொன்ன ஒவ்வொரு பகடிக்கும் அவள் சிரித்ததும் சிரிக்காததும், எல்லாம் தெரிந்துதான். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து என்னை இப்படி ஒரு ஏமாற்று ஏமாற்றியிருக்கிறீர்கள். நீ என்னைத் திட்டிச் சொன்னாயா, சிரித்துச் சொன்னாயா என்று அவளிடம் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன். எது என்று தெரிந்தாலும் எனக்குத் தாங்காது.

அடுத்த மாதம் நான் அந்தக் கப்பலில் ஏறுவேன். பால்கனியில் அவளை உட்கார வைப்பேன். அந்த மெத்தையில் எனக்கு உறக்கம் வராது என்று இப்போதே தெரியும்.

நீ அன்றைக்கு டெக்கில் என்னைப் பார்த்துக் கேட்டாய், "நீ என்ன சொல்லுதே?" என்று. நான் அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வேறு என்னவெல்லாமோ சொன்னேன், பதில் சொல்லவில்லை. அது இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே கிடக்கிறது. இப்போது சொல்லி உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், சிரிக்காமல் வாசி.

நீ போ, மக்கா. போயிக் கட்டில்ல கிட. நான் இஞ்ச இருந்துக்கிடுவேன்.